விறகு அடுப்புக்குப் புகைக்கூடு வைத்தல்

ஊர் திரும்பிய முதல் கிழமையில் கிணறு இறைக்க வேண்டும், மலசலகூடத்துக்கு மறைப்புக் கட்ட வேண்டும், கிராம உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அடுப்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மூன்று கல்லை வைத்தால் அடுப்பு வந்துவிடும், அதற்கு என்ன யோசனை என்று விட்டுவிடுகிறோம். அந்த மூன்று கல்லோடு பல குடும்பங்கள் இரண்டு மூன்று மாரிகளைக் கழித்துவிடுகின்றன. தற்காலிகக் கொட்டிலின் தகரம் கறுத்துப்போகும். சமைப்பவரின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். மடியில் கிடக்கும் கைக்குழந்தை இருமும்.

இந்தப் பாடம் அந்தப் புகையை வெளியே அனுப்புவது பற்றியது. எழுதுகிற நான் மேசன் இல்லை, கலைப்பட்டதாரி. ஆகையால் அடுப்புக் கட்டித் தரும் மேசன்மார் இருவரிடமும் தகர வேலை செய்பவர் ஒருவரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதியிருக்கிறேன். அவர்கள் மூவரும் ஒரே குரலில் சொன்ன விடயம் ஒன்று உண்டு. புகைக்கூடு பிழையாக வைத்தால், வைக்காமல் விட்டதைவிட ஆபத்து. அடுப்பின் நெருப்பு கண்ணுக்கு முன்னால் எரிகிறது. கூரைக்குள் போகும் குழாயின் சூடோ யார் கண்ணுக்கும் படாது.

சம்பூரை நினைத்துப் பாருங்கள். 2006 ஏப்ரலில் ஊரை விட்டு ஓடிய சனங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஒன்பது, பத்து வருடங்களைக் கழித்தார்கள். 2015இலும் 2016இலும் காணி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, பலருக்குத் தங்கள் வளவின் எல்லையே தெரியவில்லை. வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு நின்றது. தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டு, அதன் ஒரு மூலையில் அடுப்பை மூட்டித்தான் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கினார்கள். ஒரே அறையில் படுக்கை, பாடப்புத்தகம், உடுப்புப் பெட்டி, நெருப்பு எல்லாம். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து இப்போது வந்து இறங்கும் குடும்பங்களின் முதல் வருடமும் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது.

காஸ் அடுப்பு இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லையே என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளும், 2022இல் சிலிண்டருக்கு நின்ற வரிசைகளும் மறக்கக்கூடியவை அல்ல. நகரத்தில் மாடிவீட்டில் இருந்தவர்களே விறகுக்குத் திரும்பினார்கள். விறகு அடுப்பு நம்மோடு இன்னும் கனகாலம் இருக்கும். அதை ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் புத்தி.

புகை என்ன செய்கிறது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் வரும் புகை 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமானது. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். நிமோனியா, நாட்பட்ட இருமல், இருதய நோய், பக்கவாதம், கண்புரை எல்லாம் இதில் வரும். "எங்கள் அம்மம்மா புகையில்தானே சமைத்தார், எண்பது வயது வரை இருந்தாரே" என்று எனக்கும் சொல்லத் தோன்றும். என் அம்மம்மாவும் அப்படித்தான் இருந்தார். கடைசிப் பத்து வருடம் இருமிக்கொண்டே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணை எரிக்கும் புகையைவிட மோசமான ஒன்று காபனோரொட்சைட்டு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தணல் மெதுவாகக் கனியும்போது, காற்றுக் குறைவாகக் கிடைக்கும்போது இது கூடுதலாக உண்டாகும். இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி, பிறகு மயக்கம். மாரி இரவில் குளிருக்காகத் தணல் சட்டியைக் கொட்டிலுக்குள் வைத்து, கதவையும் சாத்திக்கொண்டு படுப்பது சிலருடைய வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காலையில் வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடி என்றால், அதைக் காய்ச்சல் என்று நினைக்க முன் அடுப்பை நினையுங்கள்.

புகை ஏன் மேலே போகிறது

சூடான காற்று பாரம் குறைந்தது. 30 பாகை சூட்டில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.16 கிலோ இருக்கும். அதே காற்றை 150 பாகைக்குச் சூடாக்கினால் 0.83 கிலோதான். குழாய்க்குள் இருக்கும் இலேசான காற்றை வெளியே உள்ள பாரமான காற்று கீழிருந்து தள்ளுகிறது. புகைக்கூட்டின் இழுவை என்பது இவ்வளவுதான்.

இதிலிருந்து மூன்று விடயம் விளங்கும். குழாய் உயரமாக இருந்தால் இழுவை கூடும். குழாய்க்குள் புகை ஆறிப்போனால் இழுவை குறையும். கீழே உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் மேலே ஒன்றும் போகாது. குளிர்நாடுகளில் வெளிக்காற்று குளிராக இருப்பதால் அங்கே இழுவை தானாகவே நன்றாக இருக்கும். திருகோணமலையில் மத்தியான வெயிலில் வெளிக்காற்றே 35 பாகையைத் தொடுவதால், நமக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம் தேவை. அடுப்பு மட்டத்திலிருந்து குழாயின் நுனி வரை 12 அடிக்குக் குறையாமல் வையுங்கள்.

கதவு, யன்னல் எல்லாம் சாத்திய குசினியில் எவ்வளவு நல்ல புகைக்கூடும் வேலை செய்யாது. சுவரின் கீழ்ப்பக்கத்தில் ஒரு செங்கல் அளவு இடைவெளி இரண்டு விடுங்கள். பாம்பு, எலிக்குப் பயமென்றால் கம்பி வலை அடியுங்கள். பொலித்தீனால் மட்டும் அடைக்க வேண்டாம்.

இடத்தைத் தெரிவு செய்தல்

முடிந்தால் குசினியைப் படுக்கும் கொட்டிலிலிருந்து பிரித்துப் போடுங்கள். இந்தக் கரையில் ஆனியிலிருந்து ஆவணி வரை கச்சான் தென்மேற்கிலிருந்து சுழன்று அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். நெருப்புக்குப் பயப்பட வேண்டியது கச்சானுக்கு, ஏனெனில் அப்போது எல்லாம் காய்ந்து கிடக்கும். ஆகவே குசினி வீட்டுக்கு வடக்கிலோ கிழக்கிலோ இருந்தால், பறக்கும் பொறி வீட்டுப் பக்கம் வராது. பக்கத்து வளவுக்காரரின் கிடுகுக் கூரை எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார்கள்.

கிடுகு, பனையோலைக் கூரைக்குள்ளால் குழாய் விட வேண்டாம். இதற்கு "ஆனால்" கிடையாது. குழாயைச் சுற்றித் தகரம் அடித்தாலும், நுனியிலிருந்து விழும் ஒரு பொறி போதும். குசினியின் மேல் மட்டுமாவது தகரம் போடுங்கள். உதவியாகக் கிடைக்கும் தகரம் கொஞ்சம்தான் என்றால், அது முதலில் போக வேண்டிய இடம் குசினி என்பது என் கருத்து.

எந்தக் குழாய்

சாதாரண வீட்டு இரட்டை அடுப்புக்கு 4 அங்குல விட்டமுள்ள குழாய் போதும். பெரிய பானை வைக்கும் அடுப்புக்கு 6 அங்குலம். கீழே எந்த அளவோ மேலேயும் அதே அளவு; நடுவில் ஒடுக்கினால் புகை திரும்பி வரும்.

எஸ்லோன் குழாய் என்று நாம் சொல்லும் பிளாஸ்ரிக் குழாயை ஒருபோதும் வைக்க வேண்டாம். அது உருகும், எரியும், எரியும்போது நச்சுப்புகை விடும். அஸ்பெஸ்ரோஸ் குழாய் பழைய வீடுகளின் இடிபாட்டில் கிடைக்கும், மலிவாகவும் தெரியும். ஆனால் அது சூட்டில் வெடித்துப் பிளக்கக்கூடியது. வெட்டும்போது பறக்கும் தூசு நெஞ்சுக்குள் போனால், வருத்தம் வர இருபது முப்பது வருடம்கூட ஆகலாம், வந்தால் மாறாது. நாகம் பூசிய தகரக் குழாய்தான் ஹாட்வெயாரில் கிடைக்கும். அதை மேற்பகுதிக்கு வைக்கலாம். அடுப்பை ஒட்டிய முதல் இரண்டு அடியைச் சுட்ட செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிவிடுங்கள். நாகப்பூச்சு மிகச் சூடானால் வரும் புகையும் உடம்புக்கு ஆகாது.

செங்கல்லைப் பற்றி ஒரு சொல். இடிந்த வீட்டின் செங்கல்லைத் திரும்பப் பாவிப்பது நல்லதே. சீமெந்துக் கல் வேண்டாம், நெருப்புப் படும் இடத்தில் அது வெடிக்கும். பூச்சுக்கும் சீமெந்து வேண்டாம். புற்றுமண், உமி, கொஞ்சம் சாணம் சேர்த்துக் குழைத்துப் பூசுங்கள். ஒரு கிழமை நிழலில் காயவிட்டு, முதல் இரண்டு மூன்று நாள் சிறு நெருப்பு மட்டும் மூட்டுங்கள். அவசரப்பட்டால் வெடிப்பு விழும், அதற்குள்ளால் புகை வரும்.

புற்றுமண், அடுப்புக்கல், விறகு எடுக்கப் போகும் இடம்

இதை வேறு பாடத்திலும் சொல்லியிருக்கிறோம். இருந்தாலும் இங்கே விட்டுவிட முடியாது. மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியில் மட்டும் மண் வெட்டுங்கள், விறகு பொறுக்குங்கள். மண்டையோட்டுப் பலகையோ நாடாவோ கட்டியிருக்கும் எல்லையைத் தாண்ட வேண்டாம். பலகை இல்லாத பற்றைக்காடு எல்லாம் பாதுகாப்பு என்றும் அர்த்தம் இல்லை. பற்றையை வெட்டிக் குவித்து நெருப்பு வைப்பது நம் பழக்கம். மண்ணுக்குள் வெடிக்காத பொருள் கிடந்தால், அந்தச் சூட்டில் வெடிக்கும். அந்த இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று தெரியாவிட்டால், கேட்டு அறியும்வரை நெருப்பு வைக்காதீர்கள்.

பானை வைக்க வாகாக இருக்கிறது என்று, வளவில் கிடந்த இரும்பு உருளையையோ குழாய்த் துண்டையோ அடுப்புக்குக் கல்லாக வைக்க வேண்டாம். என்ன இரும்பு என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாத எதையும் நெருப்புக்குக் கிட்டக் கொண்டுவரக்கூடாது. தொடவும் கூடாது. இடத்தை அடையாளம் வைத்து, பிள்ளைகளைத் தள்ளி வைத்து, கிராம உத்தியோகத்தருக்கோ 119 இலக்கத்தில் பொலிசுக்கோ சொல்லுங்கள்.

குழாயைக் கூரைக்குள்ளால் விடுதல்

பிழை அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

தனித் தகரக் குழாய்க்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் இடையில் 18 அங்குலம் இருக்க வேண்டும். எரியக்கூடியது என்றால் கைமரம், சிலாகை, பலகைச் சுவர், ஓலை மறைப்பு, தொங்கும் சாக்கு எல்லாம். கைமரங்களுக்கு இடையில் 3 அடி வெளி இருந்தால், சரி நடுவில் போகும் 4 அங்குலக் குழாய்க்கு இருபக்கமும் 16 அங்குலம்தான் மிஞ்சும். அப்போது மரத்தின் குழாய்ப்பக்கத்தில் ஒரு தகரத் துண்டைக் கவசமாக அடிக்க வேண்டும். அதை மரத்தோடு ஒட்டி அடித்தால் பயன் இல்லை. ஒரு அங்குல இடைவெளி விட்டு, கீழும் மேலும் திறந்தபடி அடித்தால்தான் நடுவில் காற்று ஓடி மரம் சூடேறாமல் இருக்கும். கவசம் இருந்தாலும் 9 அங்குலத்துக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டாம். குறுக்கே வரும் சிலாகையை வெட்டி, இரண்டு முனைக்கும் தாங்குகட்டை கொடுங்கள்.

"ஆறு மாதமாக மரத்தோடு ஒட்டித்தான் குழாய் இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொல்லும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மரம் நாளுக்கு நாள் சூடேறிக் காய்ந்து கருகும்போது, புதுமரம் பற்றாத குறைந்த சூட்டிலேயே பற்றும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்பது ஏழாவது மாதத்துக்கு உத்தரவாதம் இல்லை.

தகரத்தில் வெட்டிய ஓட்டையைச் சுற்றி மழை ஒழுகாமல் இருக்க, பலர் சீமெந்தைக் குழைத்து அப்பிவிடுவார்கள். வெயிலில் தகரம் விரியும், இரவில் சுருங்கும், சீமெந்து அசையாது. முதல் மாரியிலேயே வெடித்து ஒழுகும். தகர வேலைக்காரரிடம் சொல்லி ஒரு தகடு செய்வியுங்கள்: நடுவில் குழாய் போகக் கழுத்து, சுற்றிவர அகலமான விளிம்பு. அந்த விளிம்பின் மேல்பக்கம் மேலேயுள்ள கூரைத் தகரத்துக்குக் கீழே போக வேண்டும். கீழ்ப்பக்கம் கீழேயுள்ள தகரத்துக்கு மேலே வர வேண்டும். மழைத்தண்ணீர் ஓடும் திசையை நினைத்தால் இது மாறாது. கழுத்துக்கு மேலே குழாயில் ஒரு சிறு குடைபோன்ற வளையமும் போட்டுவிட்டால் ஒழுக்கு நின்றுவிடும்.

கூரை அஸ்பெஸ்ரோஸ் சீற் என்றால் அதில் ஓட்டை வெட்டாதீர்கள். அந்த ஒரு சீற்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு தகரத்தைப் போட்டு, தகரத்தில் வெட்டுங்கள். கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், உடைக்காமல் முழுதாக இறக்குங்கள்.

குழாய்த் துண்டுகளைப் பொருத்தும்போது மேல்துண்டின் நுனி கீழ்த்துண்டுக்குள் போக வேண்டும். பார்ப்பதற்கு இது மாறிக்கிடப்பதுபோலத் தெரியும், மேசன்கூட உங்களோடு வாதாடுவார். ஆனால் புகையிலிருந்து வழியும் கரிப்பிசின் குழாயின் உட்பக்கத்தால் கீழே ஓட வேண்டுமே தவிர, பொருத்துக்குள்ளால் வெளியே கசியக்கூடாது. ஒவ்வொரு பொருத்துக்கும் மூன்று ஸ்குறூ. கூரைக்கு மேலே நிற்கும் பகுதியை மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டுங்கள். கச்சானுக்கு நிற்க வேண்டுமே.

முடங்கல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டுக்கு மேல் வேண்டாம். குழாயைச் சுவருக்குள்ளால் வெளியே விட்டு ஏற்றுவதானால், கல்வீட்டில் அது சுகமான வேலை. ஆனால் வெளியே நிற்கும் குழாய் விரைவில் ஆறும், கரிப்பிசின் கூடுதலாகப் படியும், அடிக்கடி துப்புரவு செய்ய வேண்டிவரும். பலகைச் சுவர் என்றால் அந்த 18 அங்குலக் கணக்கை மறக்க வேண்டாம்.

எவ்வளவு உயரம் வெளியே நிற்க வேண்டும்

கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே நிற்க வேண்டும். அத்தோடு, குழாயிலிருந்து 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எந்த முகட்டையும் விட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். வீட்டுச்சுவரோடு பத்தி இறக்கிக் குசினி போட்டவர்கள் இந்த இரண்டாவது கணக்கில்தான் பிடிபடுவார்கள். பத்தியின் தகரத்துக்கு மேலே 3 அடி விட்டுவிட்டு, சரி என்று இருப்பார்கள். காற்று பெரிய வீட்டின் முகட்டைத் தாண்டிக் கீழே விழும்போது, புகையையும் குழாய்க்குள் திருப்பித் தள்ளிவிடும். வாடை தொடங்கியதும் "புகைக்கூடு பழுதாகிவிட்டது" என்பார்கள். பழுது இல்லை, குட்டை.

நுனிக்கு மழைத்தொப்பி போடுங்கள். தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் இடையில் குழாயின் அகலம் அளவு, அதாவது 4 அங்குலம், வெளி இருக்கட்டும். அயலில் ஓலைக் கூரை இருந்தால் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைச் சுற்றிக் கட்டுங்கள், பொறி வெளியே வராது. வலை கரியால் அடைபடும், மாதம் ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டில் ஏற்கெனவே சதுரப் புகைக்கூடு இருந்தால், புதிதாக ஒன்றும் தேவையில்லை. ஆனால் மூட்ட முன் ரோச் அடித்து மேலே பாருங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் குருவிக்கூடு, குளவிக்கூடு எதுவும் இருக்கலாம். பிறகு கொஞ்சம் ஈரப் பொச்சுமட்டையைப் புகையவிட்டு, சுவர் வெடிப்பால் எங்காவது புகை கசிகிறதா என்று வெளியே சுற்றிவந்து பாருங்கள். அப்படிப்பட்ட கூட்டுக்குக் கீழே, குழாய் இல்லாத அனகி அடுப்பை வைப்பது நல்ல பொருத்தம். குயவர்கள் செய்யும் இரட்டை வாய்க் களிமண் அடுப்பு அது. 1980களில் இலங்கையிலேயே உருவாக்கப்பட்டது. மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகப் பிடிக்கும்.

எரிப்பதும் துப்புரவும்

கச்சான் காலத்தில் விறகைப் பிளந்து அடுக்கி வைத்தால் மாரிக்கு உதவும். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு, அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். மிஞ்சுவது புகையும் கரிப்பிசினும். சிரட்டை, ஊமல், பொச்சு எல்லாம் நல்ல எரிபொருள். பெயின்ற் அடித்த பலகை, மருந்து ஏற்றிய மின்கம்பத் துண்டு, தார் ஊறிய தண்டவாளக் கட்டை, ரயர், பொலித்தீன் வேண்டாம். அடுப்புப் பற்றவைக்கச் சொப்பிங் பையை எரிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது, என் வீட்டிலும் நடந்தது. பன்னாடை அதைவிட நன்றாகப் பற்றும்.

மாதம் ஒருமுறை, அடுப்பு முழுதாக ஆறியபின், ஒரு கயிற்றின் நடுவில் தும்புக்கட்டையும் நுனியில் சிறு கல்லையும் கட்டி, மேலிருந்து இறக்கி இழுத்தால் கரி விழும். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். குழாயின் அடியில் திறந்து மூடும் வாய் ஒன்று வைத்திருந்தால் வேலை பாதி. உப்புக்காற்று தகரத்தைத் தின்னும். ஒவ்வொரு மாரிக்கும் முன் குழாயைக் கையால் அமத்திப் பாருங்கள், உள்வாங்கினால் அந்தத் துண்டை மாற்றுங்கள்.

குழாய்க்குள் காற்று இரைவதுபோல உறுமல் சத்தம் கேட்டால், உள்ளே படிந்த கரி பற்றிவிட்டது என்று அர்த்தம். எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். அடுப்பு வாயை ஈரமண்ணாலோ நனைத்த சாக்காலோ அடையுங்கள், காற்று இல்லாமல் அது அணையும். சிவந்த குழாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆவி முகத்தில் அடிக்கும், செங்கல் பிளக்கும். தீயணைப்பு வண்டி வருவதற்குள் ஒரு தகரக் கொட்டில் முடிந்துவிடும், ஆகவே குசினி வாசலில் ஒரு வாளி மணல் எப்போதும் நிற்கட்டும். யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், பற்பசை பூசாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

சாம்பலை வளவு மூலையில் கொட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மேலே வெள்ளையாக ஆறித் தெரியும் சாம்பலுக்குள் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கச்சான் அடித்தால் அது விழித்துக்கொள்ளும். மூடியுள்ள பழைய ரின்னில் போட்டு, இரண்டு நாள் வெளியே வைத்து, பிறகு தென்னைக்குப் போடுங்கள்.